கொம்ப்ரஸர் கார்க்காரருக்குத் திருமலைப் பஞ்சாங்கம்

திருமலையில் பின்புறம் ‘கொம்ப்ரஸர்’ என்று பதித்த பழைய பென்ஸ் ஒன்றை வாங்கியவர் முதல் வேலையாக எஞ்சின் ஒயில் மாற்றக்கூடாது. கம்பனிக்காரன் வைக்காமல் விட்ட பூஸ்ட் மீற்றர் ஒன்றை வாங்கி, முன்கண்ணாடி ஓரத்தில், பக்கத்து சீற்றில் இருக்கும் மச்சானுக்கும் தெரியும்படி பூட்டவேண்டும். ஊசி 7 இறாத்தலைத் தொட்டும் மச்சான் ஒன்றும் கேட்காவிட்டால், தொண்டையைச் செருமலாம்.

தொல்லை அதற்குப் பிறகுதான். ஒரு நாள் ஊசி கொஞ்சம் மேலே நிற்கும், ஒரு நாள் கீழே நிற்கும். சில நாள் ஊசி ஒழுங்காக நிற்க, கார் மட்டும் சோர்ந்து கிடக்கும். மெக்கானிக்கிடம் போனால் பெல்ட்டை மாற்றுவார். சாத்திரியாரிடம் போனால் நம்பர் பிளேட்டை மாற்றச் சொல்வார். இரண்டு செலவுக்கும் முன்னால், வானத்தைக் குறை சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வானத்தைக் குறை சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும். கொம்ப்ரஸர் என்ற சுப்பர்சார்ஜருக்குள் எஞ்சின் பெல்ட்டில் சுழலும் இரண்டு உருளைகள், சுற்றுக்குச் சுற்று ஒரே கொள்ளளவு காற்றை அள்ளி எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. கொத்தின் அளவு மாறாது. அதற்குள் நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு என்பதுதான் நாளுக்கு நாள் மாறும். மீற்றரோ கொத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே உள்ள அழுத்தம் வெளியே உள்ளதைவிட எவ்வளவு கூட என்பது மட்டுமே அதன் கணக்கு.

இனிப் பருவத்துக்கு வருவோம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். மார்கழி தையில் 27 பாகையில் இருந்த காற்று, கச்சான் நாளின் நடுமத்தியானத்தில் 37 பாகையாக இருந்தால் அதன் அடர்த்தி 3 சதவீதம் குறைந்துவிட்டது என்று வையுங்கள். குதிரைவலுவும் ஏறக்குறைய அதே அளவு போகும். ஊசி? பெரிதாக அசையாது. அழுத்தம் எத்தனை மடங்காகும் என்பதைப் பெரும்பாலும் உருளையும் பெல்ட் சில்லும் முடிவு செய்கின்றன. வெளிச்சூட்டுக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே “கார் இழுக்குதில்லையே” என்று யாராவது சொன்னால் பேசாமல் மீற்றரைக் காட்டுங்கள்.

“கச்சான் காய்ந்த காற்றுத்தானே, ஈரம் இல்லாததால் எஞ்சினுக்கு நல்லது” என்று வாதாடும் ஓர் அண்ணை எல்லாக் கராஜிலும் இருப்பார். அவரை மடக்க ஒரு கணக்கு: 27 பாகையில் 80 சதவீத ஈரப்பதனும், 37 பாகையில் 45 சதவீத ஈரப்பதனும் காற்றில் வைத்திருக்கும் நீராவி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலுமே நூற்றில் மூன்று பங்கு இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. பெற்றோல் எரிய அது உதவாது. தேகம் காய்கிறதே தவிர எஞ்சினுக்கு லாபமில்லை.

அதிக பூஸ்ட் வேண்டுமென்று அடம்பிடிப்பவருக்கு மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு: இன்ரகூலரைக் கழுவாதீர்கள். 30 பாகைக் காற்றை ஒன்றரை மடங்குக்கு அமுக்கினால் அது 85 பாகையையும் தாண்டும். அந்தச் சூட்டை ஆற்றத்தான் முன் கிறிலுக்குப் பின்னே இன்ரகூலர் நிற்கிறது. குனிந்து பாருங்கள். தகடுகளுக்கிடையில் தும்பியின் சிறகு ஒன்று, நசுங்கிய வெட்டுக்கிளி இரண்டு, அவற்றின்மேல் துறைமுகக் காற்று பூசிய உப்பு, உப்பின்மேல் செம்மண். இந்தக் கோலத்தில் மீன் சந்தை வாசலில் ஏசியைப் போட்டபடி, வீட்டுக்காரி பாறை மீன் விலை பேசி முடிக்கும்வரை காரை நிறுத்தி வையுங்கள். பிறகு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி அக்சிலேற்றரை அடிவரை மிதித்தால் ஊசி வழக்கத்தைவிட மேலே போகும். சூடான காற்று விரிந்து இடத்துக்கு நெருக்குப்படுவதால் வரும் அழுத்தம் அது. வலுவோ இறங்கியிருக்கும். எஞ்சின் தட்டத் தொடங்காமலிருக்க, கணினி தீப்பொறியையும் பிந்திக் கொடுக்கும். மச்சானுக்கு இது எதுவும் தெரியவேண்டியதில்லை. ஊருக்குள் வேக எல்லை 50, வெளியே 70 என்பதால் இந்தப் பெருமை எப்படியும் சில விநாடிதான்.

நாள் நேரம் பார்ப்பவர்களையும் கைவிடமுடியாது. நம் பக்கத்தில் வளியமுக்கம் தினமும் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு ஏறும், பின்னேரம் 4 மணியளவில் தாழும். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் 3 முதல் 4.30 வரை; பாரமானியும் பஞ்சாங்கமும் கைகோர்க்கின்றன. சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை என்பதால் இரண்டுக்கும் நேரடிச் சண்டை. எதை நம்பினாலும் வித்தியாசம் 7 இறாத்தலில் ஊசியின் தடிப்பளவுகூட வராது. பெரிய இறக்கம் வேண்டுமானால், 2020 டிசம்பர் 2 இரவு குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறிய புரெவிப் புயல் போல ஒன்று வரவேண்டும். அந்த நேரத்தில் பூஸ்ட் பார்க்கப் போகிறவருக்கு இந்த வழிகாட்டியால் எதுவும் செய்ய இயலாது.

வானிலையோடு பூச்சியம் நகரும் இந்தக் குழப்பம் சீனன்குடா விமானத் தளத்தில் இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டுபோட வந்தபோது அங்கிருந்து எழும்பிய ஹரிகேன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினிலும் சுப்பர்சார்ஜர்தான், மீற்றரும் இறாத்தலில்தான். ஆனால் அந்த மீற்றரின் பூச்சியம் வெளிக்காற்று அல்ல, கடல்மட்டத்தின் நியம அமுக்கம். மழையோ வெயிலோ உயரமோ பூச்சியத்தை நகர்த்தாது. கடல்மட்டத்தில் சுப்பர்சார்ஜர் தரக்கூடிய முழு அழுத்தத்தையும் எஞ்சின் தாங்காது என்பதால், காற்றுப் போகாமல் மூடிய ஒரு சிறு உறை அமுக்கத்தை உணர்ந்து திரொட்டிலைத் தானாகவே அடக்கியது. சண்டைக்குப் போகிறவனுக்கு அப்படி ஒரு மீற்றர் தேவை. உங்களுக்குத் தேவையில்லை, உள்ளே போகும் காற்றின் சூட்டைக் காட்டும் மானி ஒன்றே இதைவிட உண்மை சொல்லும். ஆனால் அதைப் பார்த்து எந்த மச்சானும் வாயைப் பிளந்ததில்லை.

இன்னும் கார் வாங்காதவருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மீற்றர் பூட்டிய கொம்ப்ரஸரை நுவரெலியாவில் தேடுங்கள். 1868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் நம்மூரில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கே 7 காட்டும் கார் அங்கே ஐந்தரைச் சொச்சமே காட்டும். விற்பவரோடு ஒரு சுற்று ஓடிப்பாருங்கள், ஊசியைப் பாருங்கள், பெருமூச்சு விடுங்கள். “அண்ணை, கொம்ப்ரஸர் தேஞ்சுபோச்சுப் போல” என்று மெதுவாகச் சொல்லி, அவர் கேட்ட விலையில் ஒரு லட்சத்தைக் குறையுங்கள். அவர் விசாரித்து அறிவதற்குள் காசைக் கொடுத்துக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியே இறங்கிவிடுங்கள். கந்தளாய் வரும்போது 7 இறாத்தலும் திரும்பியிருக்கும்.