மூணு கட்டை லைட்டும் மூவாயிரம் ரூபாய் லைட்டும்

ஏண்டா பேராண்டி, ஓசூர்ல மாசச் சம்பளம் வாங்கறவன் நீ. ஒரு டார்ச் லைட் வாங்கறதுக்குப் பென்னாகரம் பக்கம் காட்டுல உக்காந்திருக்கிற தாத்தனைக் கேக்கறே. பைக் வாங்கறப்ப கேக்கல, பொண்ணு பாக்கறப்பவும் கேக்கல. லைட்டுக்கு மட்டும் கிழவன் ஞாபகம் வந்துருச்சு. பரவாயில்ல. மோட்டார் காயில் கட்டியே வயித்தைக் கழுவுனவன், கரண்ட் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். சந்தையில நூத்தம்பது ரூபாய்க்குக் கூவி விக்கிற லைட்டும், நீ போன்ல காட்டுன மூவாயிரம் ரூபாய் லைட்டும் ஒண்ணுதானான்னு கேட்டே. ஒண்ணுதான் சாமி. ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஒண்ணுதான்.

ஒம்பதுக்கு மேலதான் வேடிக்கை. நம்ம பக்கம் பாரதக் கூத்துல பாத்திருப்ப, துரியோதனன் வேசம் கட்டுனவன் மொதல் சுத்துல மேடையே அதிர வருவான். கோழி கூப்பிடற நேரத்துக்குத் தொண்டை கட்டி, கிரீடம் சாஞ்சு, பின்பாட்டுக்காரன் தயவுலதான் நிப்பான். சந்தை லைட்டு அந்த ரகம். உள்ள ஒரு எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு பேட்டரிக் கட்டை. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. கட்டையில வோல்ட் இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். எப்ப இறங்குச்சுன்னு கண்ணுக்கே தெரியாது. வரப்பு எதுன்னு தெரியாமக் கால வச்சப்பறந்தான் தெரியும். விலை கூடுனதுல 'டிரைவர்'னு ஒரு சின்ன சர்க்யூட் வச்சிருப்பாங்க. கட்டை எளைச்சாலும் எல்.இ.டி.க்குப் போற கரண்ட்டை அது ஒரே அளவுல பிடிச்சு நிறுத்தும். நீ குடுக்கிற காசுல கொஞ்சம் அதுக்கு. மிச்சம் பெட்டிக்கும் பேருக்கும்.

பேருன்னதும் ஞாபகம் வருது. கமல் கட்சிக்கு பேட்டரி டார்ச்தான சின்னம் குடுத்தாங்க? 2021-ல கோயமுத்தூர் தெக்குல 1,728 ஓட்டுல அணைஞ்சிருச்சு. எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் கட்டை தீர்ற நேரத்துக்குத் தீரும்.

டிரைவர் இருக்குதேன்னு உடனே மூவாயிரத்தை எடுத்து நீட்டிராத. பெரிய கம்பெனிக்காரனுக்குப் பொய் தெரியாதுன்னு நெனைச்சியா? அவன் சொல்றது அளந்து சொல்ற பொய், அவ்வளவுதான். 2009-ல அமெரிக்காவுல டார்ச் லைட்டுக்குன்னு ஒரு அளவுமுறை கொண்டாந்தாங்க, எஃப்.எல். 1-னு பேரு. பெட்டி மேல '300 மீட்டர்'னு போட்டிருந்தா என்ன அர்த்தம் தெரியுமா? 300 மீட்டர் தாண்டி விழற வெளிச்சம் 0.25 லக்ஸ். மேகமில்லாத பௌர்ணமி ராத்திரி நிலா எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. பௌர்ணமி அன்னிக்கு 300 மீட்டர் தள்ளி நிக்கிறது எருமையா, உன் சின்ன மாமனான்னு நீ கரெக்டாச் சொல்லிட்டா அந்த லைட்டை நானே வாங்கித் தர்றன். 'இத்தனை மணி நேரம் எரியும்'னு போடறாங்களே, அது மொதல் வெளிச்சம் பத்துல ஒரு பங்காக் கொறையற வரைக்கும் உள்ள நேரம். லூமன் கணக்கையும் பொத்தானை அமுத்துன 30 செகண்டுக்கும் 2 நிமிசத்துக்கும் நடுவுல அளந்துக்குவாங்க. அப்பறம் சூடாகுதுன்னு லைட்டே தன் வெளிச்சத்தைக் கொறைச்சுக்கும். அந்தச் சங்கதியெல்லாம் பொடி எழுத்துல, உன் தாத்தன் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கும்.

சந்தைக்காரனுக்கு இந்தப் பொடி எழுத்துத் தொந்தரவே கிடையாது. '5 கிலோமீட்டர்'னு தைரியமாப் போட்டுருவான். பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் சுமார் 16 கிலோமீட்டர். மூணு லைட்டு வாங்கி ரோட்டோரம் வரிசையா நிறுத்துனா வீட்டுத் திண்ணையில இருந்தே அருவி பாத்துறலாம், பஸ் காசு மிச்சம். சார்ஜ் ஏத்தற லித்தியம் கட்டையும் இதே கதைதான். 18650-ன்னு அதுக்குப் பேரு. 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு கட்டையில, பேர் போன கம்பெனிகளே 3500 மில்லி ஆம்பியர் மணி பக்கம்தான் வந்து நிக்கிறாங்க. நம்ம ஊர்ல 9900-னு அச்சடிச்சது கிடைக்குது. ஜப்பான்காரனுக்கும் கொரியாக்காரனுக்கும் வராத வித்தை எந்த அச்சாபீஸ்காரனுக்கோ வந்திருக்குது பாரு.

இதெல்லாம் காசு போற விசயம், போகட்டும். உயிர் போற விசயம் ஒண்ணு இருக்குது. பின்னாடி பிளக்கை இழுத்து நேரா சுவத்துல சொருகற லைட்டு. மலிவான பலதுல உள்ள இருக்கிறது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் இறங்குனதை அப்படியே மூலையில போட்டா தகட்டுல சல்பேட் படிஞ்சு செத்துப் போகும். மாங்கா சீசன்ல வாங்குனது கேவுரு அறுப்புக்கு எந்திரிக்காது. அது செத்தாப் பரவாயில்ல. நடுவுல டிரான்ஸ்பார்மர் வைக்காம, ஒரு கெபாசிட்டரை வச்சே 230 வோல்ட்டை உள்ள விட்டிருப்பாங்க. சார்ஜ் ஏறறப்ப உள்ள இருக்கிற எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஊட்டுக் கரண்ட்டைத் தொட்ட கணக்கு. மூடி விண்டதை, பால் கறந்த ஈரக் கையோட சுவத்துல இருந்து பிடுங்கப் போறவன் மொதல்ல சொத்தைப் பிரிச்சு எழுதிட்டுப் போகட்டும்.

உங்கப்பன் வேற மாதிரி. அவனுக்கு எவரெடின்னா போதும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குவான். அந்தக் காலத்துல மூணு கட்டை லைட்டு கையில இருந்தா ஊர்ப் பஞ்சாயத்துல முன்வரிசை. கட்டை தீந்தா வெயில்ல காய வச்சு இன்னும் ரெண்டு ராத்திரி ஓட்டுவோம். அப்பறமும் விடமாட்டோம், உள்ள இருக்கிற கரியை ஊமத்தை எலையோட அரைச்சு எழுதற பலகைக்குப் பூசுவோம். அந்தப் பேருக்கு அவ்வளவு மரியாதை. அதைச் செய்யற கம்பெனி எதுன்னு ஒருத்தனும் கேக்கல. யூனியன் கார்பைடு. 1984 டிசம்பர்ல போபால்ல விஷவாயு கசிஞ்சு ஆயிரக்கணக்குல சனம் செத்துச்சே, அவங்கதான். 1994-ல கம்பெனி கை மாறிச்சு, அப்பறம் பேரும் மாறிச்சு; கட்டை மேல ஒம்பதுக்குள்ள தாவற பூனை மட்டும் எங்கயும் போகல. பேரைப் பாத்துத்தான் வாங்குவேன்னு சொல்றவங்கிட்ட நான் இந்தக் கதையைச் சொல்லிட்டு வெத்தலை போட ஆரம்பிச்சிருவன்.

நீ காட்டுன லைட்டு எந்த ஊருன்னு பெட்டியைத் திருப்பிப் பாத்தியா? ஃபீனிக்ஸ் மாதிரி ஒசந்த பேரே சீனாவுல ஷென்சென்காரன்தான். சந்தை லைட்டும் பெரும்பாலும் அந்தத் தேசம்தான். 'சீனா மால்'னு மூக்கைச் சுளிக்கிறதா இருந்தா ரெண்டுக்கும் சேத்துச் சுளி.

உள்ளதைச் சொல்றன். குண்டு பல்பு இருந்த காலத்துல நல்ல லைட்டுக்கும் மட்ட லைட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நீல எல்.இ.டி. கண்டுபிடிச்சதுக்கு 2014-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க, மூணு பேரும் ஜப்பான்ல பொறந்தவங்க. அந்த நீலத்து மேல மஞ்சப் பூச்சு பூசித்தான் வெள்ளை வெளிச்சம் வருது. அது மலிவான அன்னிக்கே வெளிச்சம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒண்ணாயிருச்சு. இப்ப லைட்டு சாவறது வெளிச்சத்துல இல்ல. சுவிட்சுல, ஸ்பிரிங்குல, மழைத் தண்ணி எறங்கற மூடியில. அதனால சந்தையில வாங்கறப்ப வானத்தைப் பாத்து அடிச்சுக் காட்டறான்னு வாயப் பொளக்காத. வாங்கிக் குலுக்கு, உள்ளங்கையில தட்டு, பொத்தானைச் சும்மா சும்மா அமுத்து. ஒரு தரம் கண்ணைச் சிமிட்டுனாலும் திருப்பிக் குடுத்துரு. பெட்டியில செஞ்சவன் பேரு, இல்ல இறக்குமதி பண்ணவன் பேரு, விலாசம், விலை எல்லாம் இருக்கணும். 2011-ல வந்த பொட்டலச் சரக்கு விதி அப்படித்தான் சொல்லுது. விலாசம் இல்லாத லைட்டு கெட்டுப்போனா நீ யாரைப் போய்ப் பாப்ப?

அந்த நீலத்துல ஒரு வம்பு இருக்குது. மட்டமான எல்.இ.டி.யில நீலம் தூக்கல், சிவப்பு கொறச்சல். நம்ம செம்மண் வரப்புல சுருட்டை விரியன் படுத்துக் கிடந்தா, மண்ணு எது பாம்பு எதுன்னு பிரிச்சுக் காட்டாது. கொஞ்சம் மஞ்சளா அடிக்கிறது காட்டுல நடக்கிறவனுக்கு உத்தமம். இன்னொண்ணு, பாம்பு 300 மீட்டர் தள்ளி நின்னு கடிக்கிறதில்ல. காலுக்கு முன்னால நாலு எட்டு பரவலாத் தெரிஞ்சாப் போதும். மூக்கை இழுத்து ஒத்தக் கோடா அடிக்கிற ஜூம் லைட்டு பக்கத்து ஊட்டு மாடியைப் பாக்கறதுக்குத்தான் ஆவும்; அதுக்கா கேக்கறேன்னு நான் கேக்க மாட்டேன்.

யானைக்காக மட்டும் லைட்டு வாங்காத. 2023 பிப்ரவரியில பாலக்கோடு பக்கத்துல தந்தமில்லாத மக்னா யானையைப் பிடிச்சு ஆனைமலையில விட்டாங்களே, அது அங்கிருந்து கோயமுத்தூர் வரைக்கும் நடந்தே வந்துச்சு. எந்தக் கம்பெனி லைட்டு வச்சிருந்துச்சுன்னு யாரும் கேக்கல. அடுத்த மாசம் மாரண்டஹள்ளி பக்கத்துல தோட்டத்துக் கம்பி வேலியில திருட்டுக் கரண்ட் விட்டு மூணு யானை செத்துச்சு. ராக்காவலுக்குச் சோம்பேறித்தனப்பட்டவன் பண்ற வேலை அது. சட்டத்துக்கும் ஆவாது, மனசுக்கும் ஆவாது. யானை எதுக்கால வந்தா அது மூஞ்சில அடிச்சு வித்தை காட்டாம, சத்தமில்லாமப் பின்னால நடந்து வந்து வனத்துறைக்குப் போன் போடு. அதுக்குப் போன்ல சார்ஜ் இருக்கணும். ராத்திரி முழுக்க அதுல ரீல்ஸ் பாத்திருந்தா நான் பொறுப்பில்ல.

அப்ப என்னத்தத்தான் வாங்கறதுங்கறே. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல நடக்க, கட்டை மாத்தற மாதிரி ரெண்டு கட்டை எல்.இ.டி. லைட்டு போதும். எவரெடியோ நிப்போவோ எதுவோ. பெட்டிக்கடையில கட்டை கிடைக்குதான்னு மட்டும் பாரு. நம்ம பக்கத்துக் கோட்டூர் மலைக்கு எலெக்சன் அப்ப ஓட்டு மிஷினே கழுதை மேலதான் போச்சு. அங்க மாட்டிக்கிட்டா உன் டைப்-சி ஒயரை எந்தக் கழுதை கொண்டாரும்? வேலை இல்லாத மாசம் கட்டையை வெளிய எடுத்து வை, உள்ளயே கிடந்தா ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்னுரும். பையில போட்டு எடுத்துட்டுப் போறப்ப ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டுக்க, தானா எரிஞ்சு தீராது.

இல்ல, காசு செலவு பண்ணியே ஆவணும்னு கை அரிக்குதா, நெத்தி லைட்டுல போடு. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் பல நாள் நடு ராத்திரிதான் வருது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொறந்து ரெண்டு கையும் உள்ள இருக்கறப்ப லைட்டை வாயில கவ்விக்கிட்டு நிக்கிறது பல்லு இருக்கிறவன் வேலை. மழை தெறிச்சாத் தாங்கற ஐ.பி.எக்ஸ். 4-ஆவது இருக்கட்டும், டிரைவர் இருக்கட்டும், வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும். இதுல மட்டும் சந்தைச் சரக்கு வேணாம். நீ காட்டுன கம்பெனி நல்ல கம்பெனியாத்தான் தெரியுது. ரெண்டு வாங்காத, ஒண்ணு போதும். உனக்கு ஓசூர்ல தெரு லைட்டு இருக்குது. தீவாளிக்கு வர்றப்ப எடுத்தா. பெட்டி மேல ஒட்டியிருக்கிற விலைச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வா. உங்க பாட்டி கேட்டா, கம்பெனியில போனசோட சும்மா குடுத்தாங்கன்னு சொல்லு.