முதலில் மலை, பிறகு ஜெயில்

கேள்வி: அந்தமானில் பார்க்க ஒரு பழைய கோட்டை உண்டா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: அரசர் கட்டிய கோட்டை இல்லை. ஆங்கிலேயர் கட்டிய செல்லுலார் ஜெயில் உண்டு. நிக்கோபாரை ஆண்ட கோட்டையோ உங்கள் பக்கத்திலேயே, தரங்கம்பாடியில் நிற்கிறது. 1756-இல் நிக்கோபாருக்கு உரிமை கொண்டாடிய டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்துதான் அதை நிர்வகித்தார்கள். 1868-இல் நிக்கோபாரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

கேள்வி: ஒரே நாளில் மலையும் ஜெயிலும் முடியுமா? – சேலம்

பதில்: தாராளமாக. காலையில் சாத்தம் ஜெட்டியில் வண்டியோடு ஃபெரி ஏறி, பம்பூ ஃபிளாட்டில் இறங்கி, மவுண்ட் ஹாரியட் ஏறுங்கள். மதியத்துக்குமேல் ஜெயில், இருட்டியதும் ஒலி-ஒளிக் காட்சி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மலைமேல் நின்றால் ராஸ் தீவும் வடக்கு விரிகுடாவும் காலடியில் விரியும். அந்தக் கடலைப் பார்த்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சிறு காற்றுவழி மட்டுமே உள்ள அறைக்குள் போய் நில்லுங்கள். கைதியிடமிருந்து என்ன பறித்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். இன்னொன்று, சென்னையைவிட அங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாகவே பொழுது சாயும்.

கேள்வி: மலை என்றால் ஊட்டி போலவா? – ஈரோடு

பதில்: 400 மீட்டர்கூட இல்லை. ஆனால் கடலோரத்திலிருந்தே எழும் மழைக்காடு. மழைக்காலமென்றால் அட்டைக்குத் தயாராகப் போங்கள்.

கேள்வி: மவுண்ட் ஹாரியட்டின் பெயரை மாற்றியது அவசியமா? – திருச்சி

பதில்: அவசியம்தான். ஹாரியட், 1860-களில் அங்கிருந்த கைதிகள் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் டைட்லரின் மனைவி. 1891 போரில் தோற்ற மணிப்பூர் அரசர் குலசந்திராவும் அவருடன் நாடுகடத்தப்பட்டவர்களும் இந்த மலையில்தான் வைக்கப்பட்டார்கள். 2021-இல் ‘மவுண்ட் மணிப்பூர்’ ஆனது. சிறைப்பட்டவர்களின் ஊர்ப்பெயர் மலைக்கு வந்தது நியாயம்.

கேள்வி: வைஸ்ராயையே அங்கே கொன்றார்களாமே? – விருதுநகர்

பதில்: ஆம், மலையடிவாரத்து ஹோப் டவுன் ஜெட்டியில். 1872 பிப்ரவரி 8 அன்று மேயோ பிரபு மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். இருட்டில் காத்திருந்து கத்தியால் குத்தியவர் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி. மறுமாதமே வைப்பர் தீவில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: வ.உ.சி. செக்கிழுத்தது அந்தமானில்தானே? – ஓட்டப்பிடாரம்

பதில்: இல்லை, கோவைச் சிறையில். 1908-இல் அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதித்தார்கள். ஆனால் அந்தமானுக்கு அனுப்பவில்லை. கோவையிலும் கண்ணனூரிலும் வைத்திருந்து 1912-இல் விடுதலை செய்தார்கள். அந்தமானிலும் அதே செக்குதான். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். குறைந்தால் அடி, விலங்கு.

கேள்வி: வழிகாட்டி தேவையா? பலகைகளைப் படித்தால் போதாதா? – மதுரை

பதில்: தேவை. ஜெயிலில் ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி ஏன் கட்டினார்கள் என்பதை அங்கேயே நின்று காட்ட ஓர் ஆள் வேண்டும். கைதி கைதியின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். சாவர்க்கரின் அறையை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். நீங்கள் 1933-இல் கைதிகள் இருந்த உண்ணாவிரதத்தைப் பற்றிக் கேளுங்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவரும் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதில் இறந்தார்கள். இந்த மூன்று பெயர்களையும் தயங்காமல் சொல்பவரே நல்ல வழிகாட்டி. தமிழ் பேசுபவர் கிடைப்பதும் அங்கே கடினமில்லை.

கேள்வி: ஏழு சிறகுகளில் மூன்றுதான் இருக்கிறதாமே? – கடலூர்

பதில்: மற்றவை இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின, அந்த இடத்தில் இப்போது ஜி.பி. பந்த் மருத்துவமனை. மிச்சத்தையும் இடிக்க விடாமல் குரல் கொடுத்தவர்கள் உள்ளே அடைபட்டிருந்த பழைய கைதிகளே. 1979 பிப்ரவரி 11 அன்று ஜெயில் தேசிய நினைவிடமானது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால், நடுக்கோபுரத்துக் கல்வெட்டுகளில் உள்ள கைதிகளின் பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.