அழகர் வருகிறார், மோரில் உப்பு போடுங்கள்

மதுரைக்காரரிடம் "வெயிலில் அலையாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "சித்திரைத் திருவிழாவுக்குப் போகாதீர்கள்" என்றால் உங்களைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார். இரண்டும் ஒரே சங்கதி என்பது அவருக்கும் தெரியும். மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்ததாம். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்துவைத்தார் என்பார்கள். அறுவடை முடிந்த நேரம், தேர் இழுக்க ஆள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வியர்வையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கென்ன, மகாலில் அத்தனை உயரத்துக்குத் தூண்கள்; காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

எங்கள் வீட்டில் திருவிழாப் பாதுகாப்பு முழுக்க அம்மாவின் இலாகா. முதல் நாள் ராத்திரியே உத்தரவுகள் வந்துவிடும். நகையைக் கழற்றி வை. கழற்ற மாட்டேன் என்கிற அத்தைக்குச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்தப்படும். பிள்ளைகளின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் போன் நம்பர். அது விடிவதற்குள் வியர்வையில் கரைந்து, ஆறு எட்டாகி எட்டு வெறும் கோடாகிவிடும் என்பதால், அதே நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, அதற்கும் ஒரு ஊக்கு. சித்தப்பாவுக்கும் ஒரு சீட்டு உண்டு. "எனக்கெதுக்கு அண்ணி?" என்று அவர் கேட்பதோடு சரி, வாங்கி வைத்துக்கொள்வார். ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே ஒரு தடவை அவர் பெயரும் வந்தது. போலீஸ் உதவி மையத்தில் அவர் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

ஆனால் அம்மாவின் முழுத் திறமையும் வெளிப்படுவது வேறோர் இடத்தில். வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். குடித்த தண்ணீர் எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. ஆண்களுக்குக் கவலையில்லை, அவர்கள் சுவரைக் கண்ட இடமெல்லாம் சொந்த ஊர். பெண்கள்தான் முதல் நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை நாக்கை நனைத்துக்கொண்டே சமாளிக்கிறார்கள். கூட்டத்தில் மயங்கி விழுகிற பெண்களைப் பார்த்து "காலையில சாப்பிட்டிருக்க மாட்டா" என்பார்கள். சாப்பிட்டிருப்பாள். தண்ணீர்தான் குடித்திருக்க மாட்டாள்.

இதற்கு அம்மா கண்டுபிடித்த தீர்வு சொந்தபந்தம். அழகர் மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் என்று வருகிற பாதை நெடுக எங்களுக்கு உறவினர் உண்டு. ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது, விட்டே போனது என எல்லா ரகமும். வருஷம் முழுக்க அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் போகாமல் இருக்கலாம். சித்திரா பௌர்ணமிக்குக் கட்டாயம் போவோம். கோரிப்பாளையத்தில் ஒரு மதினி இருக்கிறார். என்ன முறையில் மதினி என்று கேட்டால் அம்மாவே விரல்விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும். வாசலில் நின்று, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் மதினி" என்பார் அம்மா. மதினி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "வாங்க வாங்க, நேராப் போயி இடது பக்கம்" என்பார். பழத்தை வாங்கி அலமாரிமேல் வைப்பார். அங்கே ஏற்கெனவே பல சீப்புகள் இருக்கும்.

அங்கிருந்து ஆற்றுக்குப் போகிற பாதையில்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அன்பைச் சொல்கிறேன். தெருவுக்குத் தெரு பந்தல். பந்தலுக்குப் பந்தல் அண்டா. நீர்மோர், பானகம், சர்பத், வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. "என்னய்யா, எங்க பந்தல்ல குடிக்க மாட்டீகளா?" என்று கேட்பார்கள். சித்தப்பா யார் மனசையும் புண்படுத்தாதவர்.

நீர்மோரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாய் ஊற்றினால் உடம்பில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். மோரில் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. பானகத்தில் வெல்லம், சுக்கு, ஏலக்காய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிக்கொடுக்கும் கரைசலுக்கு இவை இரண்டும் தாய்மாமன் முறை. சிக்கல், பானகம் சித்தப்பாவின் கைக்கு வரும்போதுதான். அவருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. "வெல்லந்தானே" என்பார். "சாமிக்குப் படைச்சதுல சுகர் ஏறாது" என்பார். மறுநாள் ஆய்வுக்கூடத்துக் கருவிக்கு அந்தப் பக்தி கிடையாது.

சர்பத் பந்தலில் அம்மாவின் கேள்வி வேறு: "ஐஸ் எங்க வாங்குனது தம்பி?" மீன் பெட்டிக்குப் போகிற பாளமும் சர்பத்துக்கு வருகிற பாளமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தின்னத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. சிவப்புச் சர்பத்துக்குள் கிடந்து பாதி கரைந்த ஐஸின் நிறத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? தம்பி, "மினரல் வாட்டர் ஐஸ்மா" என்று அடித்துச் சொல்வார். சாக்குப் பையைத் தரையில் போட்டு, அதன்மேல் வைத்து, சுத்தியலால் உடைத்த மினரல் வாட்டர்.

சாப்பாட்டு விஷயத்தில் புளியோதரைக்கு மட்டும் முழு அனுமதி. புளிப்பில் கிருமி சுலபமாகத் தலையெடுக்காது. கட்டுச்சோற்று மூட்டையில் அது காலங்காலமாக இடம் பிடித்திருப்பது சும்மா இல்லை. மற்றதற்கெல்லாம் "எத்தனை மணிக்கு இறக்குனது?" என்ற விசாரணை உண்டு. ஆறிப்போய் வெயிலில் கிடந்த சோற்றில் ஒரு கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இந்த அறிவியலெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தொன்னையை மூக்கருகே கொண்டுபோவார், கொஞ்சம் யோசிப்பார், அவ்வளவுதான். தேங்காய்ச் சாதம் ஓரங்கட்டப்படும்.

ஆற்றங்கரையில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நிற்பார்கள். தலையில் உருமா, தோளில் ஆட்டுத்தோல் பை, அதன் முனையில் சின்னக் குழாய். மலையிலிருந்து வெயிலில் வந்த சாமிக்குச் சூடு தணியட்டும் என்று செய்வது. இடையில் சிலர் மோட்டார் வைத்துப் பீய்ச்சத் தொடங்கி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய்த் தடையானது. தோல்பைத் தண்ணீர் நம்மேலும் தெறிக்கும். நனைந்த சட்டையில் காற்று பட்டால் உடம்பு குளிர்ந்துவிடும், அதைவிட நல்ல வைத்தியம் அந்த நேரத்தில் இல்லை. சாமிக்கே வெயில் ஆகாது என்று தண்ணீர் பீய்ச்சுகிற ஊர்தான், கூட்டத்தில் ஒருவன் தொப்பி போட்டு வந்தால் "என்ன மாப்ள, கிரிக்கெட்டா?" என்று கேட்கும்.

நெரிசலைப் பற்றி மட்டும் சிரித்து எழுத வரவில்லை. 2022-இல் அழகர் இறங்கிய விடியலில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து நாங்கள் இறங்குமிடத்துக்கு அருகே போவதில்லை. கூட்டம் தள்ளினால் எதிர்த்து நிற்காதே, கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள், தள்ளல் நிற்கிற நேரமாகப் பார்த்துக் குறுக்காக ஓரத்துக்கு வா, செருப்பு கழன்றால் குனியாதே. இதைப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அம்மா கதவைப் பூட்டுவார்.

வெயில் தாக்கினால் முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு. நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உடம்பு கொதித்து, நினைவு தடுமாறினால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், மயங்கியவர் வாயில் மட்டும் ஊற்றக் கூடாது. சம்பந்தமில்லாமல் பேசுவதும் ஓர் அறிகுறி என்பார்கள். சித்தப்பா விஷயத்தில் இது பயன்படாது. அதனால் அவரிடம் அம்மா மணிக்கொரு தரம் போன வருஷம் அழகர் என்ன நிறத்தில் பட்டு கட்டினார் என்று கேட்பார். அவர் சரியாகச் சொன்னால்தான் பயம்.

இந்த வருஷம் அம்மாவுக்குக் கவலை வேறு. கோரிப்பாளையத்து மதினி வீட்டை விற்றுவிட்டு மகனோடு திருநகருக்குப் போகிறாராம். அழகர் அந்தப் பக்கமே போவதில்லை. செய்தி வந்த அன்றே அம்மா கல்யாணத் தரகருக்குப் போன் போட்டு, என் தம்பிக்குத் தல்லாகுளம், கோரிப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் பெண் பார்க்கச் சொல்லிவிட்டார். ஜாதகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லையாம், பெண் வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டுமாம்.