ரிமோட் கண்ட்ரோலர்

பிலோமினா சர்ச்சில் சீரியல் பல்பு கட்ட ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் ஒருவர் கிராஃப் பேப்பர் வாங்கக் கிளம்புவார். இப்படி ஒருவர் இல்லாத தெரு மைசூரில் கிடையாது. சிலர் பழைய காலண்டரின் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்களுடையவர் ரயில்வேயில் செக்ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் கிராஃப், இரண்டு கலர் பென்சில், ஒரு அடிஸ்கேல்.

ரயில் சார்ட்டில் நீளவாக்கில் மணி, உயரவாக்கில் ஸ்டேஷன், நடுவே சாய்வாக வண்டிகள். கிறிஸ்துமஸ் வாரத்துச் சார்ட்டில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் சன், கே டிவி, விஜய், ஜீ தமிழ், உதயா, சோனி மேக்ஸ். படம் ஒவ்வொன்றும் நீலக் கோடாகப் படுத்துக் கிடக்கும். விளம்பரம் வரும் என்று அவர் கணித்த இடத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டுகளில் ஏறி இறங்கி வளைந்து ஓடும் சிவப்புக் கோடுதான் ரிமோட். “மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம்னு ரூல் சார். அதுக்குள்ள பக்கத்து சேனல்ல ஒரு சண்டையும் அரைப் பாட்டும் அடங்கும்” என்பார். அடங்கியதில்லை. இவர் தாவும் நேரத்தில் பக்கத்துச் சேனலும் பற்பசைக்குப் போயிருக்கும். “எல்லாப் பயலும் ஒரே நேரத்துல சிக்னல் போட்டுடறான்!”

அவருடைய நிரந்தர மனக்குறை வேறு. தமிழ்நாட்டில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வாரம் அது. சென்னைக்காரர்கள் அதைக் கணக்குப் பண்ணித்தான் பகல் பதினொன்றுக்கு ஒரு படம், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு படம் என்று அடுக்குகிறார்கள். கர்நாடகத்தில் பெரிய லீவு தசராவோடு போயிற்று. இருபத்தாறாம் தேதி பதினொரு மணிப் படம் ஓடும்போது பேரன் சரஸ்வதிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பான். “லீவு அவங்களுக்கு, வண்டி நமக்கு. பாசஞ்சரே இல்லாம ஓட்டறேன்” என்று பெருமூச்சு விடுவார். லீவு விட்டாலும் பேரன் செல்போனில்தான் இருப்பான் என்பதை நான் சொல்லவில்லை.

அவருடைய மகள் ஸ்டாக்ஹோமில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு டிசம்பர் 24-ம் தேதியும் பகல் மூன்று மணிக்கு டொனால்ட் டக் போடுவார்களாம். 1960 வாக்கில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை, ஊரே உட்கார்ந்து பார்க்குமாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிடும். டொனால்ட் டக்குக்காக இல்லை, மூன்று மணிக்காக.

அமெரிக்கக் கதையும் ஒன்று வைத்திருக்கிறார். ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ 1946-ல் வந்தபோது சுமாராகத்தான் ஓடியது. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்றதும் டிவிக்காரர்கள் டிசம்பர் தோறும் போட்டுத் தள்ள, அதுவே நாட்டின் கிறிஸ்துமஸ் படமாகிவிட்டது. “எவனோ ஒரு கிளார்க் ஃபைலை மறந்துட்டான் சார். நம்ம ஆபீஸா இருந்தா மெமோ. அங்க பண்டிகை!”

நம் ஊர்ப் பண்டிகைப் படத்துக்கும் வருவோம். 1997-ல் விக்ரமன் தமிழில் எடுத்த ‘சூரிய வம்சம்’, மறுவருடம் தெலுங்கில் வெங்கடேஷ், 1999-ல் கன்னடத்தில் விஷ்ணுவர்தன், அதே வருடம் ஹிந்தியில் அமிதாப். விஷ்ணுவர்தன் மைசூரில் பிறந்தவர் என்பதால் எங்கள் தெருவில் அதுதான் ஒரிஜினல் என்று வாதாட ஆள் உண்டு. ஹிந்திப் படத்துக்கு நூறு வருட உரிமை வாங்கிவிட்டதாகச் சேனல்காரர்களே சொன்னார்கள். ஆகவே 2099 வரைக்கும் கவலையில்லை. ஒரே நாளில் இந்த நாலையும் நாலு தண்டவாளத்தில் ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்பது கண்ட்ரோலரின் வாழ்நாள் ஆசை. ஒரு வருடம் மூன்று வரைக்கும் வந்தது. தெலுங்கு கைவிட்டுவிட்டது.

எதிர்வீட்டு மங்களூர் அம்மாள் குஸ்வார் என்கிற கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு வரும்போது வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்: “இவ்வளவு படத்துல ஏசு சாமி படம் ஒண்ணு கூட இல்லையா அங்கிள்?” கண்ட்ரோலர் சார்ட்டைப் புரட்டுவார். மீசை முறுக்கு, அரிவாள், பேய், பேய் இரண்டாம் பாகம். கடைசியில், “மின்சார கனவு இருக்கும்மா. கஜோல் கன்னியாஸ்திரி ஆகணும்னு நினைக்கும்” என்பார். “ஆகுமா?” “ஆகாது. பிரபுதேவா விடமாட்டார்.” அந்த அம்மாள் ரோஸ் குக்கீஸை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

போன கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அதன் எதிரே மாமி மட்டும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ட்ரோலர் வராந்தாவில், மப்ளரைக் காதுவரைக்கும் சுற்றிக்கொண்டு, மடியில் சார்ட்டுடன் இருந்தார். டிவி அங்கிருந்து தெரியாது.

“உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமே சார்?”

“பார்க்கறதா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முப்பத்து நாலு வருஷம் வண்டி ஓட்டினேன். கண்ட்ரோல் ரூமுக்கு ஜன்னல் கூடச் சரியாக் கிடையாது. ஒரு வண்டியை நேர்ல பார்த்திருப்பேனா? ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல சொல்லுவான், நான் கோடு போடுவேன்.” பிறகு ஹால் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“எங்க வந்திருக்கு?”

“பாயசத்துல விஷம் வெச்சாச்சு” என்றார் மாமி, தலை நிமிராமல்.

வாட்சைப் பார்த்தார். “பதினோரு நிமிஷம் லேட்” என்று முனகிக்கொண்டே நீலப் பென்சிலை எடுத்தார்.