ஆபத்து உண்டு, கட்டணம் தனி

வாஷிங்டனில் உளவுத்துறையில் இருப்பவர்கள் உண்டு, இருந்தவர்கள் உண்டு, இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. நம் பயங்கரவாத நிபுணர் எந்த ரகம் என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, "அதையெல்லாம் வெளியில் பேசக் கூடாது" என்பார்.

2001 செப்டம்பர் 10 வரை அவருடைய மகத்துவம் அவருக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் நியூயார்க்கில் கோபுரங்கள் சரிந்ததும் எல்லா சேனல்களுக்கும் அவசரமாக ஒரு நிபுணர் தேவைப்பட்டார். முதல் மணியிலேயே போனை எடுத்தவர் இவர். அடர்நீலக் கோட்டும் தயாராக இருந்தது. அரபி தெரியாதே என்று யாரும் கவலைப்படவில்லை. 'அல்' என்று தொடங்கும் பெயர்களை அடித்தொண்டையிலிருந்து எடுத்து உச்சரிப்பார். கேட்பவர்களுக்கு அதுவே புல்லரிக்கும்.

சொந்தமாக ஒரு நிறுவனமும் வைத்திருக்கிறார். அதன் பெயரில் 'சர்வதேச', 'பாதுகாப்பு', 'மையம்' மூன்றும் வரும். தலைவர், இயக்குநர், முதுநிலை ஆய்வாளர் எல்லாம் அவரே. மூவரும் ஒருமித்த கருத்துக்கு வந்த பிறகுதான் அறிக்கை வெளியாகும்.

"வரும் மாதங்களில் பெரிய தாக்குதல் நடக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை." இதுதான் அவருடைய மூல மந்திரம். நடந்துவிட்டால், "அன்றைக்கே சொன்னேன்." நடக்காவிட்டால், "நான் எச்சரித்ததால் தப்பித்தோம்." நம்மூர் கிளி ஜோசியருக்காவது கிளிக்குத் தீனி போடும் செலவு உண்டு, இவருக்கு அதுவும் இல்லை.

அரசாங்கமும் அவர் வயிற்றில் பால் வார்த்தது. 2002 மார்ச்சில் பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து நிறங்களில் அபாய எச்சரிக்கைத் திட்டம் வந்தது. 2011இல் கைவிடப்படும் வரை நாட்டின் நிறம் மஞ்சளுக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கவில்லை. மஞ்சள் என்றால் அவருக்கு வழக்கமான வரும்படி. ஆரஞ்சு என்றால் தீபாவளி போனஸ்.

சொன்னது பொய்த்தால்? அவருடைய முன்னோடிகள் அதற்கும் வழிகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தபோது, இது மத்தியக் கிழக்கின் கைவரிசை என்று டிவியில் அடித்துச் சொன்னவர்கள் உண்டு. பிடிபட்டவரோ டிமோதி மெக்வே, வளைகுடாப் போருக்குப் போய்வந்த அமெரிக்கர். 2011 ஜூலையில் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் பலர் அதே பல்லவியைத்தான் எடுத்தார்கள். கொன்றவர் ஆந்தர்ஸ் பிரெய்விக், அசல் நார்வேக்காரர். அதற்காக எந்த நிபுணரும் கடையைச் சாத்தியதாகத் தெரியவில்லை.

2015இல் ஃபாக்ஸ் நியூஸில் ஒரு சகா இன்னும் ஒரு படி மேலே போனார். பிரிட்டனின் பர்மிங்ஹாம் முழுக்க முஸ்லிம் நகரம், மற்றவர்கள் அங்கே போவதே இல்லை என்றார். உண்மையில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள்தான் அங்கே முஸ்லிம்களாக இருந்தார்கள். இதைக் கேட்டுக் காலைக் கஞ்சி புரையேறிவிட்டது என்றார் பிரதமர் டேவிட் கேமரூன். சகா மன்னிப்புக் கேட்டு, அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடையும் கொடுத்தார். சிஐஏவில் 27 ஆண்டு வேலை பார்த்ததாகச் சொல்லி அதே சேனலில் தோன்றிவந்த இன்னொருவரின் கதை அப்படி முடியவில்லை. 2016இல் மோசடி வழக்கில் 33 மாதச் சிறை கிடைத்தது.

பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 284 நிபுணர்களின் ஆரூடங்களை இரு பத்தாண்டுகளாகச் சேகரித்து, 2005இல் புத்தகமாக வெளியிட்டார். ஊடகங்கள் தேடி ஓடும் பிரபல நிபுணர்களின் கணிப்புகள்தான் மற்றவர்களுடையதைவிட அதிகம் பொய்த்தன என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று.

இதை நம் நிபுணரிடம் காட்டினால் முகம் சுருங்கும் என்று நினைப்பீர்கள். சுருங்காது. இவ்வளவு தவறியிருக்கிறோம் என்றால் நாம் எவ்வளவு பிரபலமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அன்று மாலையே கட்டணத்தை உயர்த்திவிடுவார்.