மேல என்னய்யா சாமி இருக்கு?

ஆல்ப்ஸில் ஒரு சிகரம் ஏறப்போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். கோவில்பட்டியிலிருந்து உடனே கேள்வி வந்தது.

"மேல என்னய்யா சாமி இருக்கு?"

"சாமியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"பின்ன?"

அந்தப் 'பின்ன'வுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் கரிசல் காட்டில் மலை ஏற இரண்டே காரணங்கள்தான். மேலே சாமி இருக்க வேண்டும், அல்லது நம் ஆடு ஏறிப்போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், கைக்காசைச் செலவழித்து, இருட்டில் எழுந்து, குளிரில் மேலே போய்ச் சற்றுநேரம் நின்றுவிட்டு இறங்கி வருவதற்கென்றே லண்டனில் 1857-இல் ஒரு சங்கம் வைத்தார்கள், ஆல்பைன் கிளப் என்று. சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஆறு வருடம் யோசித்து 1863-இல் தங்களுக்கும் ஒன்று தொடங்கிக்கொண்டார்கள். அந்தக் கனவான்களின் அம்மாக்கள் என்ன கேட்டிருப்பார்களோ!

"திருநீறாவது பூசிட்டுப் போ" என்று அம்மா பேச்சை முடித்துக்கொண்டார்.

நான் தேர்ந்தெடுத்த சிகரத்தின் பெயர் பிரைட்ஹார்ன். செர்மாட் என்ற ஊருக்கு மேலே, இத்தாலி எல்லையில், 4,160 மீட்டர் சொச்சம் உயரம். இந்த உயரத்தைச் சொன்னால் ஊரில் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். 3,883 மீட்டர் வரை கேபிள் காரே கொண்டுபோய் விட்டுவிடும் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. மலையேற்றக்காரர்கள் பாதைகளைக் கடினத்தின்படி தரம் பிரிப்பார்கள். பிரைட்ஹார்னின் வழக்கமான பாதைக்கு 'எஃப்' தரம். பிரெஞ்சில் 'ஃபசீல்', அதாவது சுலபம். அதற்குக் கீழே தரமே கிடையாது.

யோசனை கொடுத்தது என் அலுவலகத்துத் தம்பி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பெர்னில் வளர்ந்த பிள்ளை. நம்மவர்கள் வாரக்கடைசியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்க்கொண்டிருந்தபோது அவன் ஆல்பைன் சங்கத்தில் சேர்ந்து கயிறு கட்டப் பழகியிருக்கிறான். "அண்ணை, நீங்கள் சும்மா வாங்கோ. சப்பாத்தும் கிராம்பானும் வாடகைக்கு எடுக்கலாம். மிச்சமெல்லாம் என்னட்டைக் கிடக்கு" என்றான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் 'வாடகை' என்ற சொல் எனக்குள் எங்கோ குத்திவிட்டது. பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு எடுக்கலாம். சிகரம் ஏறுகிறவன் வாடகைச் செருப்பிலா ஏறுவான்? கல்லூரி நாளில் நான் வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறியவன். அடிவாரத்தில் வாங்கிய ஒரு மூங்கில் தடி மட்டும்தான் அன்றைய கருவி. அதே ஆசாமிதான் இப்போது கணினியில் நாற்பத்து மூன்று வரிகளில் 'கொண்டுபோக வேண்டியவை' என்று பட்டியல் போட்டான். எடைக்கு ஒரு பத்தி, விலைக்கு ஒரு பத்தி, 'மனைவிக்குச் சொன்ன விலை' என்று மறைத்துவைத்த பத்தி ஒன்று.

முதலில் கிராம்பான். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் எஃகுப் பற்கள். தள்ளுபடியில் கிடைத்தது என்று அதை முதலில் வாங்கினேன், பூட்ஸை அப்புறம் வாங்கினேன். இது பெண் பார்ப்பதற்கு முன்பே மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்ட கதை. பூட்ஸுக்கும் கிராம்பானுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வாரால் கட்டும் வகை ஒன்று உண்டு. அது எல்லா ஜாதகத்துக்கும் ஒத்துப்போகும். இன்னொன்று முன்னால் கம்பி வளையம், பின்னால் நெம்புகோல் என்று 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் வகை. அதற்குப் பூட்ஸின் முனையிலும் குதிகாலிலும் பள்ளம் வேண்டும், அடிப்பாகம் வளையவே கூடாது. நான் வாங்கிய பூட்ஸில் பின்பள்ளம் இருந்தது, முன்பள்ளம் இல்லை. பத்துக்கு ஐந்து பொருத்தம். கடைக்காரப் பெண் எங்கள் ஊர் ஜோசியர் மாதிரியே உதட்டைப் பிதுக்கினார். பிறகு இரண்டுக்கும் நடுவாந்தரமாக, முன்னால் பிளாஸ்டிக் கூடையும் பின்னால் நெம்புகோலும் உள்ள ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தேன். வித்தியாசத் தொகை மறைத்துவைத்த பத்தியில் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, கூடத்தில் அதை மாட்டிப் பார்த்தேன். ஒரே ஓர் அடிதான் வைத்தேன். வாடகை வீடு, மரத்தரை. வலது காலுக்குப் பத்து, இடது காலுக்குப் பத்து, மொத்தம் இருபது புள்ளிகள். பன்னிரண்டு பற்களில் முன்பல் இரண்டும் தரையைத் தொடாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். 1908-இல் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த கிராம்பானுக்குப் பத்துப் பற்கள்தான். இத்தாலியின் கூர்மாயர் ஊரில் கிரிவெல் என்ற கொல்லர் குடும்பம் அதை அடித்துக் கொடுத்தது. 1929-இல் அதே குடும்பத்து லோரன் கிரிவெல்தான் செங்குத்தான பனியில் உதைத்து ஏறுவதற்கு முன்பற்களைச் சேர்த்தார். இந்த வரலாற்றை எல்லாம் தலையில் துண்டோடு வந்து நின்ற மனைவியிடம் விளக்கினேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளி வெச்சாச்சு. கோலம் எப்போ?"

அடுத்தது பனிக்கோடரி. ஜெர்மனில் இதற்குப் 'பிக்கல்' என்று பெயர். பிடுங்கல் பின்னால் வந்தது. கையில் தொங்கவிட்டால் முனை கணுக்காலைத் தொட வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது அதைவிடக் குட்டையாகத்தான் வாங்குகிறார்கள். ஒரு பக்கம் கூர்மூக்கு, மறுபக்கம் தட்டையான அலகு. அந்த அலகைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அசல் களைக்கொத்தி! மிளகாய்ச் செடிக்குக் களை கொத்திய கைக்கு இதெல்லாம் புதிதா? ஆனால் சறுக்கி விழும்போது உடனே குப்புறப் புரண்டு, கூர்மூக்கைப் பனியில் குத்தி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டு நிற்க வேண்டும். களை எடுக்கையில் அந்த அவசியம் வந்ததில்லை. சோபாவிலிருந்து கம்பளத்துக்குச் சறுக்கி நாலு முறை பழகினேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்பது சுவிட்சர்லாந்தில் வேதவாக்கு. நாலாவது முறை கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

வாங்கி முடித்தபின் எடை குறைக்கும் காண்டம். சுமை குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் வெயிலில் பனி இளகுவதற்குள் திரும்பலாம். பனி இளகினால் மறைந்திருக்கும் பிளவுகளுக்கு மேலே பாலம்போல் மூடியிருக்கும் பனி வலுவிழக்கும். இதில் விளையாட்டில்லை. ஆகவே சமையலறைத் தராசைத் தூக்கி வந்தேன். பல் துலக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக அறுத்தேன். சன்ஸ்கிரீன் டியூபை அப்படியே எடுத்துப் போவது வீண் சுமை என்று, கான்டாக்ட் லென்ஸ் வைக்கும் குட்டி டப்பாவில் இரண்டு குழிக்கும் வழித்து ஊற்றிக்கொண்டேன். அம்மா அனுப்பியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைத் தராசில் வைத்தேன். பதினோரு கிராம். சாமியை வேண்டிக்கொண்டு வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஆல்பர்ட் ஸ்மித்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. 1851-இல் மோன் பிளாங் ஏறிய ஆங்கிலேயர். அவர் குழு எடுத்துப்போன சாப்பாட்டில் சாதா ஒயின் மட்டும் அறுபது பாட்டில். அதற்குமேல் நல்ல ஒயின் தனி, கோன்யாக் தனி, ஷாம்பேன் தனி. சின்னதும் பெரிதுமாக நாற்பத்தாறு கோழி. ஆட்டுத்தொடை, கன்றுக்கறி, பாலாடைக்கட்டி, உலர்ந்த திராட்சை. இது மலையேற்றமா, மறுவீட்டு விருந்தா? தூக்கிவர ஒரு படையே கூட வந்தது என்பது உண்மை. திரும்பி வந்து லண்டனில் அந்தக் கதையை மேடையில் சொல்லியே வருடக்கணக்கில் பணம் பண்ணினார். நானோ பிரஷை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பயணத் திட்டத்துக்கும் ஒரு ஆங்கிலேயக் கணக்கு உண்டு, இல்லை, ஸ்காட்லாந்துக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. அதன்படி நான் ஒரு மணி நேரச் சொச்சத்தில் உச்சியில் இருக்க வேண்டும். நாலாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். மேலும், புகைப்படம் எடுப்பதுபோல் நின்று மூச்சு வாங்குவதற்கு நெய்ஸ்மித் நேரம் ஒதுக்கவில்லை. நான் ஒதுக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புகைப்படம்.

தேதி மூன்று முறை தள்ளிப்போனது. ஒரு தடவை மேகம், ஒரு தடவை காற்று, ஒரு தடவை என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திறங்கினார். நாலாவது தேதி நிலைத்தது. உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று முந்தின நாளே செர்மாட் போய்த் தங்கினோம். மாலையில் அங்கிருந்த மாட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குத் தம்பி கூட்டிப்போனான். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்று கிடந்தது. எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு அளவுக்குத்தான் இருந்தது அதன் கனம். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் முதன்முதலாக மாட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் சறுக்கினார், கயிறு அறுந்தது, நாலு பேர் போய்விட்டார்கள். அவர்களிடம் மூன்று வகைக் கயிறு இருந்தது. அறுந்தது மூன்றிலும் பழையது, மூன்றிலும் பலவீனமானது. நல்ல கயிறு வாங்கி, தூக்கிக்கொண்டும் போயிருக்கிறார்கள். கட்ட வேண்டிய இடத்தில் கட்டவில்லை. அன்று ராத்திரி நான் என் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

காலை முதல் கேபிள் காரில் ஏறினோம். நாங்கள் மூன்று பேர்: தம்பி, அவனுடைய சங்கத்துத் தோழி ஒருத்தி, பதினோரு கிலோ பையோடு நான். சுற்றிலும் கான்வாஸ் ஷூ போட்ட சுற்றுலாக்காரர்கள், கையில் காபி. என் பையில் தொங்கிய கோடரியையும் கிராம்பானையும் ஒரு சிறுவன் அய்யனார் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வண்டி மேலே போய் நின்றது. அவர்கள் உணவகத்துக்குள் போனார்கள், நாங்கள் சுரங்கம் வழியாக வெளியே வந்தோம்.

பனிமேடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. கரிசல் பூமியைக் கழுவி வெளுத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. ஒரே கயிற்றில் மூவரையும் கட்டினான் தம்பி. பஸ்ஸில் சின்னப் பிள்ளையை நடுவில் உட்காரவைப்பதுபோல் என்னை நடுவில் போட்டார்கள். ஒருவர் பிளவுக்குள் விழுந்தால் மற்ற இருவரும் தாங்கிப் பிடிக்க வேண்டும். நான் விழாமல் இருப்பதுதான் குழுவுக்கு நான் செய்யக்கூடிய சேவை என்று புரிந்தது.

நடக்க நடக்கக் காலடியில் பனி கட்டிகட்டியாய் அப்பியது. தோழி எனக்கு ஏதோ சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். எனக்கா! மழை பெய்த கரிசலில் பத்தடி நடந்தால் செருப்புக்கு ரெண்டு கிலோ மண் அப்பும். அதை உதறி உதறி நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். கோடரிக் காம்பால் பூட்ஸில் ரெண்டு தட்டு, உதிர்ந்தது. அந்த மலையில் நான் யாரிடமும் கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

கடைசி ஏற்றம் செங்குத்து. இருபது அடி வைப்பேன், ஒரு புகைப்படம். இருபது அடி, ஒரு புகைப்படம். "அண்ணை, உங்கட போனில மெமரி முடிஞ்சுபோகும்" என்றான் தம்பி, திரும்பிப் பார்க்காமலே. பையில் இருந்த விலையுயர்ந்த எனர்ஜி பார்கள் குளிரில் ரப்பராகி, பல்லோடு மல்லுக்கு நின்றன. மனைவி ஓரத்தில் செருகியிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மட்டும் பூமியில் இருப்பதுபோலவே 'கடுக்' என்று உடைந்தது. தோழி இரண்டு தின்றுவிட்டு, எந்தக் கம்பெனித் தயாரிப்பு, என்ன விலை என்று விசாரித்தாள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்று சொல்ல மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உச்சியில் பதினைந்து நிமிடம் நின்றோம். ஒரு பக்கம் சுவிட்சர்லாந்து, ஒரு பக்கம் இத்தாலி, நடுவில் நான். பட்டியலில் இருந்த நாற்பத்து மூன்றில் அன்று பயன்பட்டவை ஒன்பது. அறுத்த பிரஷ் விடுதியிலேயே கிடந்தது.

லென்ஸ் டப்பா சன்ஸ்கிரீன் பாதி வழியிலேயே தீர்ந்திருந்தது. தம்பி ஒரு தடித்த வெள்ளைப் பசையை மூக்கிலும் நெற்றியிலும் அழுத்திப் பூசியிருந்தான், துத்தநாகம் கலந்தது. "பூசுங்கோ அண்ணை" என்று நீட்டினான். கோமாளி மாதிரி இருக்கிறது, புகைப்படத்தில் நன்றாக இராது என்று மறுத்துவிட்டேன். பனியில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழிருந்தும் அடிக்கும். மறுநாள் என் மூக்கின் அடிப்பக்கமும், துவாரங்களின் உள்ளும், வாயைத் திறந்துகொண்டே ஏறியதால் மேலண்ணமும் வெந்திருந்தன. ஒரு வாரம் ரசம் இல்லை, ஊறுகாய் இல்லை. தயிர்ச்சாதம், அதுவும் பச்சை மிளகாய் போடாமல்.

உச்சியில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். மறுநாள் மாலை அம்மா கூப்பிட்டார். என் உபகரணங்களைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"உன் பக்கத்துல நிக்குதே, அந்தத் தம்பி யாரு?"

"கூட வேலை பாக்கிற பையன்மா. யாழ்ப்பாணம்."

"நல்ல பிள்ளை. அந்நிய தேசத்துல, அந்தக் குளிருலயும், நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கிட்டுல்ல மலை ஏறியிருக்கு! நீயும்தான் இருக்கியே."

வாயைத் திறந்தால் அண்ணம் எரிந்தது. "ம்" என்று மட்டும் சொன்னேன்.