அழுகையும் சிரிப்பும் ஒரே பக்கத்தில்

(ஜான் கிரீன் எழுதி 2012இல் வெளிவந்த 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கே: விடிய விடிய அழுதுகொண்டே படித்தேன். 'அழ வைக்கவென்றே எழுதின கதை' என்கிறான் அண்ணன். (பிளஸ் டூ மாணவி)

ப: அண்ணனை முதல் அத்தியாயம் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். சிலுவை வடிவத் தேவாலயத்தின் அடித்தளத்தில், புற்றுநோய் வந்த பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'நாம் இயேசுவின் இதயத்துக்குள்ளேயே இருக்கிறோம்' என்று குழுத் தலைவர் வாரா வாரம் சொல்வதை நாயகி ஹேசல் கிண்டலடிக்கிறாள். அண்ணனும் சிரித்துவிடுவார். பிறகு அழட்டும்.

கே: கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்? (வங்கி ஊழியர்)

ப: ஊர் இண்டியானாபொலிஸ். ஹேசலுக்கு வயது 16. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே நடக்கிறாள். அவள் காதலன் அகஸ்டஸுக்கு 17. எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன். ஹேசலுக்கு உயிரான ஒரு நாவல் பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறது. மீதிக் கதையை அதன் ஆசிரியரிடமே கேட்க இருவரும் ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குத் துரோகம்!

கே: பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்படியா தத்துவம் பேசுவார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: பேச மாட்டார்கள், ஐயா. அகஸ்டஸ் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு அதற்கு உருவக விளக்கம் தரும்போது எனக்கும் பொறுமை போனது. ஆனால் பின்னால் ஓர் இரவு, பெட்ரோல் பங்க்கில், சிகரெட் வாங்கக்கூடத் தெம்பில்லாமல் காருக்குள் அழுகிறானே, அங்கே அத்தனை வசனமும் உதிர்ந்துவிடுகிறது. அவன் சாமர்த்தியப் பேச்செல்லாம் பயத்தை மூடிய போர்வை என்று அப்போதுதான் புரிந்தது.

கே: அன்னே ஃபிராங்க் வீட்டில் முத்தக் காட்சி தேவையா? (கல்லூரி மாணவர்)

ப: நாஜிகளிடமிருந்து தப்ப, யூதச் சிறுமி அன்னே உட்பட எட்டுப் பேர் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் வீடு அது. ஒருவர்தான் உயிரோடு மீண்டார். அந்தச் செங்குத்துப் படிகளில் ஹேசல் மூச்சு வாங்க ஏறுவது மனதில் நிற்கிறது. முத்தத்தைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. அங்கே மௌனம்தான் மரியாதை.

கே: என் 14 வயது மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா? (ஒரு அம்மா)

ப: கொடுங்கள். நீங்களும் படியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் காதலர்கள் இணையும் ஒரு காட்சி உண்டு. அதைப் பற்றி மகளோடு பேசும் தைரியம் மட்டும் வேண்டும்.

உங்களை உலுக்கப்போவது வேறு இடம். ஐசியூவில் கிடக்கும்போது, 'இனி நான் அம்மாவாக இருக்க மாட்டேன்' என்று அம்மா அழுவது ஹேசல் காதில் விழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. தன்னைக் கையெறி குண்டு என்கிறாள்; வெடித்தால் பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று காதலையே தள்ளி வைக்கிறாள். கடைசியில், அம்மா சமூகப் பணி படித்துவருவதை மறைத்திருக்கிறாள் என்று தெரிகிறது. 'நீ இல்லாத வாழ்க்கைக்கு இப்போதே தயாராகிறேன் என்று நினைத்துவிடுவாயோ' என்ற பயம் அம்மாவுக்கு. மகளோ சந்தோஷத்தில் பூரித்துப்போகிறாள். 'நான் போன பிறகும் அம்மா இருப்பாள்!' இந்த நாவலின் பெரிய காதல் காட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

கே: உண்மைக் கதையா? (நூலக உறுப்பினர்)

ப: கற்பனைதான். ஹேசலைக் காப்பாற்றிவரும் மருந்துகூடக் கற்பனை. ஆனால் கிரீன் இளவயதில் குழந்தைகள் மருத்துவமனையில் ஆன்மிகத் துணையாளராக வேலை பார்த்தவர். தைராய்டு புற்றுநோயால் 2010இல், 16 வயதில் இறந்த தோழி எஸ்தர் ஏர்லுக்கு நூலைக் காணிக்கையாக்கினார்.

கே: தலைப்புக்கு என்ன அர்த்தம்? (செவிலியர்)

ப: ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், பிழை நட்சத்திரங்களிடம் இல்லை, நம்மிடம்தான் என்று வாதிடுவான் காஷியஸ். கிரீன் அவனோடு மல்லுக்கு நிற்கிறார். நுரையீரலில் நீர் கோத்த பெண்பிள்ளை என்ன பிழை செய்தாள்?

இந்தக் கேள்வி நமக்கும் வேண்டும். நோயாளிப் பிள்ளையின் தாயிடம் 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று சொல்பவர்களை நீங்கள் வார்டில் தினமும் பார்த்திருப்பீர்கள், சகோதரி. அந்தத் தாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாலே போதும்.